இரட்டைக் கோடு

யமகட்டா மலைப்பாதையில், நிஷிதகி நிலையத்தில்
முப்பத்தெட்டு ஆண்டு சிக்னல் பதிவேடு எழுதியவன் நான்.
வண்டி நான்கு நிமிடம் தாமதமென்றால்
நான்கு என்றுதான் எழுதுவேன்,
மூன்று போடச் சொன்ன அதிகாரியின்
முகத்துக்கு நேரே.

போன மாதம் நகராட்சி தந்த தாளில்
பொய் எழுதினேன்.

பத்துக் கட்டங்கள்.
இறைச்சி, மீன், முட்டை, பால், சோயா,
பச்சை மஞ்சள் காய்கள், கிழங்கு, பழம்,
கடற்பாசி, எண்ணெய்.
அன்றன்று தின்றதற்கு நேரே ஒரு டிக்.
எழுபத்தைந்து தாண்டித் தனியாக இருப்பவர்களுக்காம்.
கொண்டுவந்த சத்துணவு அலுவலர் ஹிஷினுமா
பூட்ஸ் பனியை என் வாசலில் உதறியபடி
"ஏழு வந்தால் நல்லது, கால் தளராது" என்றாள்.
"என் கால் நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன்.
எழுந்து காட்டவில்லை.

அவள் போனபின் எண்ணினேன்.
சோறு. அதற்குக் கட்டமே கிடையாது.
முள்ளங்கி ஊறுகாய்.
மஞ்சள்தான், ஆனால் அது சாயம்.
மிசோ சூப், சோயாவில் சேரும். ஒன்று.
ஒன்று என்று எழுதக் கை வரவில்லை.
ஆறு போட்டேன். மறுநாள் ஏழு.
கடற்பாசிக்கு டிக் போடும்போது
பேனா ஒருமுறை மக்கர் செய்தது.

யாசுயே இருந்தவரை
எத்தனை வகை என்று எண்ணியதில்லை.
தட்டில் இருந்தது, தின்றேன்.
இப்போது கடையில் எதை எடுத்தாலும்
குடும்ப அளவு.
அரைப் பரங்கி ஒற்றை ஆளுக்கு
ஒன்பது நாள்.
அதற்குச் சாய முள்ளங்கியே தேவலை.

வியாழன்தோறும் நடமாடும் கடை வரும்.
"கால் பங்கு வெட்டித் தா" என்றேன் கினுயோவிடம்.
"மீதிக் காலை யார் தலையில் கட்ட?"
பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்கு."

இவாகிச்சி. பக்கத்து வீடு.
அவன் கூரைப் பனி சரிந்து
என் வெங்காயத்தாள் பாத்தியை மூடியதிலிருந்து
ஆறு வருடமாய்ப் பேச்சில்லை.
பரங்கிக்குள் கத்தி மாட்டிக்கொண்டது.
மூன்று பேரும் சேர்ந்து அழுத்தினோம்,
யாரும் யாரையும் பார்க்காமல்.

மறு வியாழன் முட்டை அட்டையை நீட்டினான்.
ஐந்து எடுத்துக்கொண்டு காசை
அட்டைக் குழியில் வைத்தேன்.
அப்புறம் டோஃபு. கானாங்கெளுத்தி,
தலைப்பக்கம் அவனுக்கு.
எல்லாவற்றையும் வாய் திறக்காமலே பிரிக்க முடிந்தது,
எண்ணெயைத் தவிர.
புட்டியை யார் வீட்டில் வைப்பது?
"உன் வீட்டில்."
"ஏன், உன் வீட்டுக்கு என்ன கேடு?"
ஆறு வருடத்துக்குப் பின் முதல் பேச்சு,
தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.
கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே
பனி மண்வெட்டிகள் சாத்தியிருக்கும் கொட்டகையில் வைத்தோம்.

நேற்று ஹிஷினுமா வந்தாள்.
என் கெண்டைக்காலை இரு கைவிரல்களால் வளைத்தாள்.
விரல்கள் தொட்டுக்கொண்டன, இடைவெளியும் இருந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும்.

"பழைய தாளைக் கொடு."
ரயில்வேயில் தவறை அழிக்கக் கூடாது.
தவறு தெரியும்படி இரட்டைக் கோடு,
பக்கத்தில் சரியான எண், மேலே முத்திரை.
ஏழின் மேல் கோடிட்டேன். ஒன்று.
ஆறின் மேல். ஒன்று.
இருபத்திரண்டு முத்திரை விழுந்தது.
அவள் குளிர்ந்த தேநீரைக் குடித்து முடித்தாள்.

பிறகு நேற்றைய வரி:
எட்டு.
பழம் இல்லை.
எண்ணெய் இல்லை. காரணம்:
கொட்டகையில் உறைந்துவிட்டது.