முட்டுச்சந்துக் குழாய்

மிஷாரி கேட்டது ஒரே சொல்: ஸோத்.
அவன் மொழியில் குரலும் அதுதான், சத்தமும் அதுதான்.
எனக்கோ அதைத் தமிழில் பிரித்துப் பார்க்காமல்
டார்ச்சைத் தொட வராது.
உறுமலா, முழக்கமா, கமறலா?
வெறும் இரைச்சல் என்றால் ஆணியால் நாலு துளை போதும்.
அதற்கு நான் எதற்கு?

ஷுவைக். ஆகஸ்ட். காலை ஒன்பதுக்கே
ஸ்பானர் கையைச் சுட்டது.
தலைக்கு மேல் லிப்டில் ரெண்டரை டன்,
ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ.
கம்பெனி சைலன்சரைக் கழற்றி
ஒரு முனை நான், ஒரு முனை தில்பகதூர்,
பிரேதம் மாதிரி சுமந்துபோய்ச் சுவரோரம் கிடத்தினோம்.
எறிந்துவிடாதே என்றேன்.
வண்டியைச் சோதனைக்குக் காட்டும் அன்று
இந்தப் பிணம்தான் எழுந்து வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

டர்போ விசித்திரப் பிராணி.
எரிந்து முடிந்த புகையைத் தின்றே சுற்றும்.
தின்னும்போது சத்தத்தையும் சேர்த்து மென்றுவிடும்.
அதனால்தான் இத்தனை குதிரை கட்டியும்
வண்டி தொண்டை கட்டியவன்போல் பேசுகிறது.
அதன் முதுகுக்குப் பின்னால் வழியை அகலப்படுத்தினால்
சீக்கிரம் மூச்சுப் பிடிக்கும், மிதித்ததும் தள்ளும்.
விளக்கிச் சொன்னேன்.
மிஷாரி தலையாட்டினான். ஸோத், என்றான்.

மூன்று அங்குல ஸ்டீல், பதினொரு வளைவு.
குழாயின் வயிற்றுக்குள் ஆர்கான் நிரப்பி
வெளியே சுடர் வைத்தால்
ஓரம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பொன்,
கை ஒழுங்காக நகர்ந்தால் மயில்கழுத்து.
தயங்கினால் சாம்பல்.
சாம்பலை அறுத்துவிட்டு மறுபடி.
வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது போலீஸ் மட்டும்தான்,
அவர்கள் நிறம் பார்ப்பதில்லை.

மாலையில் கிளப்பினோம்.
தில்பகதூர் கையில் இருந்த டீ
வட்டம் வட்டமாக நடுங்கியது.
மிஷாரி என்னைக் கட்டிக்கொண்டான்.
வெள்ளைத் திஷ்டாஷாவின் முதுகில்
என் ஐந்து விரலும் கரியாகப் போயின.

நாலாம் நாள் வந்தான், முகம் தொங்கி.
நூற்றுப்பத்தில், ரெண்டாயிரம் சுற்றில்
மண்டைக்குள் வண்டு குடைகிறதாம்.
இந்தக் குழாயா நானா என்று
வீட்டில் கேட்டுவிட்டாளாம்.
பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன்.
வண்டு உண்மை. கடைவாய்ப் பல்லில் தெரிந்தது.

அதற்கு மருந்து இன்னும் கொஞ்சம் குழாய்.
பெரியதன் விலாவில் ஒரு கிளை,
ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, மறுமுனை அடைத்தது.
எங்கும் போகாத முட்டுச்சந்து.
அந்த ஒரு சத்தம் மட்டும் விவரமறியாமல் உள்ளே நுழையும்,
சுவரில் முட்டித் திரும்பும்,
வாசலில் தன்னையே தலைகீழாகச் சந்திக்கும்.
பிறகு இரண்டுமே இல்லை.
'மூடிய குழாய்க்குக் காசா?' என்றார் உஸ்தாத் ரிஃபாத்.
மிஷாரி எண்ணாமல் கொடுத்தான்.

வியாழன் இரவு. ஜிலீப். அறைக்கு ஆறு பேர்.
என் மேல்கட்டில் மரியதாஸ்,
ரொட்டிக்கடையில் மூன்றரைக்கு மாவில் கை வைக்க வேண்டியவன்.
ஒன்றரை மணிக்கு ஆறாம் ரிங் ரோட்டில் ஒருவன் போனான்.
முதலில் கேட்டது ஜன்னல் கண்ணாடிக்கு.
'எந்த நாயிடா இது,
இவன் குழாயில கொள்ளிய வைக்க!'

எந்த நாய் என்று எனக்குத் தெரியும்.
ஏழாம் வளைவில் என் கை கொஞ்சம் இழுத்த இடம்,
அங்கே மட்டும் ஒரு மெல்லிய பிசிறு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
ரெண்டாயிரம் வரும். இதோ வரும்.
வந்தது, தாண்டியது.
வண்டு இல்லை. சுத்தம்.

'கொள்ளிதான் வைக்கணும்' என்றேன் நானும்.

அதற்குப் பிறகு மேலே கட்டில்
வெகுநேரம் புரண்டுகொண்டே இருந்தது.
மறுநாள் மதியம் அவன் கொண்டுவந்த ரொட்டி
ஒரு பக்கம் கருகியிருந்தது.
தூக்கக் கலக்கம், என்றான்.
கருகிய பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.