பன்னிரண்டு வோல்ட்

மஞ்சள் விளக்கு மறுபடி வந்துவிட்டது என்றாள் பிலோமினா.
கத்திப்பாரா ஏற்றத்தில்
சண்டிமாடாகப் படுத்துக்கொள்கிறதாம் வண்டி.
சிக்னலில் நின்றால்
காய்ச்சல்காரன் பல்லைப்போல் கடகடவென்று.
நேற்று பின்சீட்டில் இருந்தவர்
விமானத்தைத் தவறவிட்டு
ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்கேனரைச் செருகினேன்.
பி, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
அதே எண்.
வால்வு திறக்கும் நேரத்தை
முன்னும் பின்னும் தள்ளுகிற
விரல் நீளச் சோலனாய்டின் மின்சுற்றில் குறை.
சுற்றில் என்றுதான் சொல்கிறது.
சோலனாய்டில் என்று சொல்லவில்லை.
போன மாதம் இதே இடத்தில் நின்று
இதே வரியை நான்
பாதி வாசித்திருக்கிறேன்.

துணிக்கடைப் பையை பானட்டில் கவிழ்த்தாள்.
கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்தது ஒன்று.
போரூர்க்காரன் மாட்டியது ஒன்று.
மூன்றாவதை எஞ்சினிலிருந்து நானே கழற்றி வைத்தேன்.
புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கி,
என் கூலியும் சேர்த்து
மூவாயிரத்து எண்ணூறு.

ஒவ்வொன்றாக பேட்டரியில் தொட்டேன்.
டக்.
டக்.
டக்.
ஓம் கணக்கும் ஏழு, ஏழு, ஏழேகால்.
மூன்றுக்கும் ஒரு நோயும் இல்லை.
அந்த மூன்று சத்தத்தையும் அவளும் கேட்டாள்.
என்னைப் பார்க்காமல்
எதிர்க்கடை டயர் அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனெக்டரின் வாயில் மீட்டர் முனையை வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
போன மாதமும் இதையேதான் சொன்னது.
கரண்ட் வருதும்மா, பொருள்தான் போச்சு
என்று நானும் சொன்னேன்.

மீட்டர், வாசலோடு போகிற சொந்தக்காரன்.
'இருக்கீங்களா?'
'இருக்கேன்.'
அத்தோடு கிளம்பிவிடுவான்.
எழுந்து நடக்கிறாரா,
ஒரு குடம் தூக்குவாரா,
அவனுக்கு எதற்கு?

டிராயரைக் குடைந்து
பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தேன்.
இருபத்தொரு வாட், இரண்டு வால் வைத்துப் பற்றவைத்தது.
அதே வாயில் மாட்டினேன்.
எரியவில்லை.
பக்கத்திலேயே இருந்த மீட்டரில்
பன்னிரண்டு சரிந்து
ஒன்றேமுக்காலில் உட்கார்ந்தது.

அப்புறம்தான் வேலை.
டேப்பை உரித்து, குழாயைப் பிளந்து,
பேட்டரித் தட்டுக்கு அடிவரை
சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட அந்த ஒயரை
விரலால் நெருடிக்கொண்டே போனேன்.
டிசம்பர் தண்ணீரில், முடிச்சூரில்,
இரண்டு நாள் இடுப்பளவில் நின்ற வண்டி.
கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

மேல்தோலில் ஒரு கீறல் இல்லை.
ஓரிடத்தில் மட்டும்
வெந்த சேமியாபோல் மடங்கியது.
பிளேடால் கீறினேன்.
செம்பு இல்லை, பச்சைப் பொடி கொட்டியது.
நடுவே முடியளவு ஒரே ஓர் இழை.
அதுதான் இத்தனை நாளும்
பன்னிரண்டு பன்னிரண்டு என்று
மீட்டரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது,
ஒரு சுமையும் தூக்காமல்.

ஒரு சாண் வெட்டி எறிந்தேன்.
புது ஒயர், ஈயம், மேலே சுருங்கும் உறை.
பல்பு எரிந்தது,
என் நகக்கண் அழுக்கு தெரிகிற அளவுக்கு.

"ஒயரா?"
"ஒயர்தான்."
"எவ்ளோ?"

பரங்கிமலைப் பக்கம் மின்ரயில் ஒன்று
முழுசாகக் கடந்து முடியும்வரை
பில் புத்தகத்தைத் தேடினேன்.
அது என் கையிலேயே இருந்தது.

ஒயர் முப்பது ரூபா, என்றேன்.
அது வேணாம்.
அந்த மூவாயிரத்து எண்ணூறு
நான்தான் தரணும்.
வெள்ளிக்கிழமை பாதி தரட்டுமா?

அவள் பதில் சொல்லாமல் ஏறி சாவியைத் திருப்பினாள்.
ஐடிலில் நடுக்கம் இல்லை.
மஞ்சள் விளக்கு இல்லை.
இரண்டு நிமிஷம் காதால் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.
பிறகு இறங்கி வந்து
மிச்சமிருந்த இரண்டு சோலனாய்டையும்
என் பெஞ்சில், ஸ்பானர்களுக்கு நடுவே வைத்தாள்.

"வித்துக்கோ, வெச்சிக்கோ.
பாதி வேணாம்.
முழுசா குடு. சனிக்கிழமை."