குத்துமதிப்பு

புர்க்டோர்ஃப். பாற்கட்டிக் கிடங்கின் பின்முற்றம்.
லிண்டன் மரத்தின் வேரில் கரிப்பூஞ்சை;
நகரசபையின் தீர்ப்பை நாலு ஆணியில் அறைந்திருக்கிறார்கள்.
மூன்று பக்கம் கூரை,
நாலாம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் கொட்டகை.
விழ இடமில்லாத மரம்
மேலேதான் போகவேண்டும்.

கொக்கியைக் கட்டி, வாளை இயக்குமுன்
நான் ஒரு எண் சொல்லவேண்டும்.
கீழே கிரேனில் ரெகுலா ஓபர்லி.
குகநேசனில் பாதியைத் தறித்துவிட்டு
'குகா, எவ்வளவு?' என்பாள்
என் தலைக்கவசத்துக்குள்.

எவ்வளவு.
என் அளவுகோல் அரிசி மூட்டை.
பேர்ன் கடையொன்றில் நாலு வருடம்
லொறியிலிருந்து இருபது கிலோ மூட்டை இறக்கிய தோள் இது.
நாற்பது சென்டிமீட்டர் தடிப்பு, ஒரு மீட்டர் நீளம்:
பச்சை லிண்டனில் ஐந்து மூட்டை.
தடிப்பு இரட்டித்தால் பத்து என்று வாய் சொல்லும்,
இருபது என்று கம்பி சொல்லும்.
ராத்திரி மழை பெய்திருந்தால்
இலைக்கு இரண்டு மூட்டை.
ஐவி சுற்றிய கொப்புக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று.

ரெகுலாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது.
இடப்பக்கம் நான் சொன்னது, வலப்பக்கம் கொக்கி காட்டியது.
410, 520.
600, 715.
300, 290. (அன்று அவள் கோப்பி வாங்கித் தந்தாள்.)
பத்தில் ஒன்பது தரம் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.
வீடு மாறியபோதும் அப்படித்தான்:
'மூன்று மணித்தியால வேலை' என்றேன்,
இரவு ஒன்றரைக்கு இரண்டாம் மாடிப் படியில்
கட்டில் சிக்கி நின்றது.
பிரமிளா தலையணையோடு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழாவது கொப்பு.
அடி அறுபது, நுனி இருபத்தைந்து, நீளம் ஏழு மீட்டர்.
இலையையும் சேர்த்து
'எண்ணூற்று இருபது' என்றேன்.
'சரி' என்றாள்.
ஆனால் வெட்டவிடவில்லை.
கிரேனின் கையை உள்ளே இழுத்து,
அவுட்ரிகருக்குக் கீழே ஜெரோம் பலகையைச் சரிபார்த்து,
பிறகுதான் 'ம்'.
இந்தத் தூரத்துக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பதுவரை தாங்கும்.

வாள் சுத்தமான மரத்தில் போனது.
கடைசி விரலகலம் தானாகவே கிழிந்தது.
கொப்பு எழும்பவில்லை.
ஒரு சாண் இறங்கியது,
கம்பி நரம்பைப் போலப் புடைத்தது,
கீழே மஞ்சள் விளக்கும் கீச்சொலியும்.
நான் தண்டைக் கட்டிப்பிடித்தேன்.
கட்டிப்பிடித்து ஒரு பயனுமில்லை,
கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

'ஆயிரத்து இருநூற்று நாற்பது' என்றாள் ரெகுலா,
பேருந்து நேரம் சொல்வதுபோல.
அதற்குப் பிறகு அவள் பேசவில்லை,
கொப்பு கூரைமேல் நகர்ந்தது
நித்திரைப் பிள்ளையை அறை மாற்றுவதுபோல.

ஜெரோமின் வாள் தரையில் தீப்பொறி கக்கியது.
சங்கிலிப் பல் எல்லாம் போய்விட்டது.
பிளந்து பார்த்தோம்: உள்ளே சீமெந்து,
இரண்டரை மீட்டர், ஆள்தொடையைவிடத் தடிப்பு.
அப்போதெல்லாம் அதுதானாம் வைத்தியம்:
பொந்தைச் சுரண்டு, கலவையை ஊற்று, பூசி மெழுகு.
கரண்டி இழுத்த வரிகள்கூட அழியவில்லை.
மரம் அதன்மேல் உதட்டை மூடி
வருடா வருடம் பட்டை கட்டி
சொல்லாமலே சுமந்திருக்கிறது.

எந்தச் சூத்திரத்திலும் அது இல்லை.
ஆனால் ரெகுலாவின் 'சரி'க்குள்
என் எண்ணுக்கு மேலே
எப்போதும் மூன்றில் ஒன்று இருந்திருக்கிறது.
மரத்துக்காக அல்ல. எனக்காக.
கோபப்படலாமா என்று
பாணைக் கடித்தபடி கொஞ்சநேரம் யோசித்தேன்.

கொப்பியில் அவள் எழுதினாள்:
820, 1240, சீமெந்து.

பின்னேரம் எட்டாவது கொப்பு.
வாளின் முதுகால் தட்டினேன், காதை வைத்தேன்,
இன்னொரு தரம் தட்டினேன்.
'அறுநூறு' என்றேன்.
'சரி' என்றாள்.
அந்தச் சரி எத்தனை கிலோ என்று
நான் கேட்கவில்லை.