எல்லைச் சாவடியில் பதினேழு கேன்கள்

சனிக்கிழமை காலை கசாய் ஆறு
செங்கல் சூளைக்காரன் கை கழுவிய நீராக வந்தது.
மழை இல்லை. ஜூலையில் எங்கே மழை?
பகாஜிக்கா துடுப்பை உயர்த்திப் பார்த்தான்.
சொட்டவில்லை, வழிந்தது.

மதியத்துக்குள் மீன்கள்
வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தன.
வலையில்லாமல் கிடைக்கும் மீனை
எங்கள் சந்தையில் யாரும் நம்புவதில்லை.
இருந்தும் சிலர் அள்ளினார்கள்.
பசிக்கு மூக்கு கிடையாது.
மூன்றாம் நாள் ஒரு நீர்யானை
ஊதிப்போய் மிதந்து சென்றது.
அதன்மேல் ஒரு கொக்கு,
பயணச்சீட்டு வாங்கியதுபோல்.

நான் மீன் விற்பவள். முஜிங்கா.
கொடி சுற்றிப் பிறந்த பெண்ணுக்கு
எங்கள் ஊரில் வைக்கும் பெயர்.
மூச்சுக்குத் தவிப்பது எனக்குப் புதிதல்ல.

எல்லை தாண்டி வரும் சோப்புக்கு வரி கட்டுகிறேன்.
உப்புக்குக் கட்டுகிறேன்.
என் அக்காள் கணவன் அந்தப் பக்கம் செத்தபோது
பிணத்துக்கும் கேட்டார்கள், கட்டினோம்.
இந்தச் சேறு மட்டும்
ஒரு முத்திரைகூட விழாமல் வந்து சேர்ந்தது.

மேலே, அங்கோலாவில்,
வைரச் சுரங்கத்தின் கழிவுக் குளம் கரை உடைத்ததாம்.
சிறு கசிவு என்றது வானொலி.
வைரம் எங்கள் பக்கம் வரவில்லை.
வைரத்தைக் கழுவியது வந்தது.

கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றார்
மாகாண அலுவலகத்துக் கண்ணாடிக்காரர்.
கொதிக்க வைத்தோம்.
அடியில் படிந்ததைச் சுரண்டினால்
அவர் அலுவலகச் சுவருக்கே பூசலாம்.

மரவள்ளிக் கிழங்கில் நஞ்சு உண்டு.
அதை எங்களுக்கு யாரும் அறிக்கை எழுதிச் சொல்லவில்லை.
நான்கு நாள் ஆற்றில் ஊறப்போடுவோம்,
நஞ்சு கழன்று போகும்,
பிறகு இடித்து, களி கிண்டி, பிள்ளைகளுக்குப் போடுவோம்.
இப்போது சொல்லுங்கள்,
ஆற்றை எதில் ஊறப்போட?

அதனால்தான் கிளம்பினோம்.
ஒன்பது சைக்கிள், பதினேழு மஞ்சள் கேன்.
ஏறி ஓட்ட முடியாத கனம், தள்ளிக்கொண்டே
மூன்று நாள், மணலில், டயர் புதையப் புதைய.
வழியில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னோம்:
பிறர் பொருள், திருப்பிக் கொடுக்கப் போகிறோம்.

சாவடியில் இருந்தவன் சின்னப் பையன்.
சட்டையில் செவேரினோ என்று தைத்திருந்தது.
என்ன பொருள்?
தண்ணீர்.
யாருடையது?
உங்களுடையது.
சிரித்தான். ஒரு கேனின் மூடியைத் திறந்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

படிவம் நிரப்பாமல் எதுவும் கடக்காது என்றான்.
நிரப்பு என்றோம்.
அளவு? முந்நூற்று நாற்பது லிட்டர்.
மதிப்பு?
மருத்துவமனையில் வேலை செய்யும் பியாயா
அதற்கு மட்டும் பதில் சொன்னாள்.
வார்டில் கிடக்கும் பிள்ளைகளின் பெயர்களை
ஒவ்வொன்றாக, கட்டில் வரிசைப்படி.
நான்கு பெயர் எழுதினான்.
ஐந்தாவதுக்குப் பேனாவை வைத்துவிட்டான்.
கட்டம் சின்னது என்றான்,
எங்களைப் பார்க்காமல்.

உள்ளே விடவில்லை. விடமாட்டான், தெரியும்.
எல்லைக் கல்லருகே கரையில் இறங்கி
பதினேழையும் அங்கேயே கவிழ்த்தோம்.
சிவப்பில் சிவப்பு விழுந்தது,
தனியாகத் தெரியவே இல்லை.
யாரும் முழக்கமிடவில்லை.
குளக் குளக்கென்று கேன்கள்தான் பேசின.

திரும்பும்போது பாரமில்லை.
ஆனாலும் நாங்கள் நடந்தோம், அது ஓடியது.
ஊர் வந்து சேர்ந்த இரவில்
படித்துறையில் எங்களுக்கு முன்பே வந்து கிடந்தது,
நாங்கள் திருப்பிக் கொடுத்தது.

கேனைக் கழுவவும் நீரில்லை.
அடியில் ஒட்டிய சேற்றோடே
மறுபடி முக்கி நிரப்புகிறோம்.
இந்த முறை முப்பது என்கிறாள் பியாயா.
செவேரினோவுக்குப் பெரிய கட்டம் போட்ட தாள்
நாமே கொண்டு போகலாம் என்கிறாள்.
பகாஜிக்கா ஒன்றும் சொல்லவில்லை,
குனிந்து
சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறான்.