ஐந்தாம் வினா

கமலாசனி ரீச்சருக்கு வாழ்த்துப்பா எழுதும் வேலை
என் தலையில் விழுந்தது.
சமயத்தில் முப்பத்தெட்டு எடுத்தவன் நான்.
ரிப்பர் ஓட்டுகிறேன். பெர்மிற் உள்ள நாளில்
பாலியாற்று மண்,
இல்லாத நாளில் கிரவல்.

"நீதானே முகநூலிலை எழுதுறனி" என்றான் கோபிராஜ்.
எழுதுவதற்கு முதலே சட்டகத்தின் அளவு முடிவாகியிருந்தது:
மூன்றடிக்கு இரண்டடி, தங்கநிறக் கரை.
யதுர்சன் சுவிசிலிருந்து அனுப்பிய காசுக்கு
அவன் பெயர் கொஞ்சம் பெரிதாக வரவேண்டும்.
பொன்னாடை இரண்டா மூன்றா என்று
வட்ஸ்அப்பில் ஒரு கிழமை சண்டை.

கல்விக் கடலே, சைவச் சுடரே.
அச்சகத்தில் ஆயத்தமாய்க் கிடந்த வரிகளில்
பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.
அதே கடல் போன மாதம்
ஒரு தபாலதிபருக்குப் போயிருந்தது.

மல்லாவி. பங்குனி வெயில். பள்ளிக்கூட மண்டபம்.
பதினெட்டுப் பேர் வந்திருந்தோம்,
பிள்ளைகளோடும் ஹெல்மெற்றுகளோடும்.
போட்ட மாலையை உடனே கழற்றி
மேசையில் வைத்தார் ரீச்சர்,
கொப்பி வாங்கி அடுக்குவதுபோல.

ஒலிவாங்கி கீச்சிட்டது.
"பிள்ளையள், எனக்கொரு கடன் கிடக்கு.
ரெண்டாயிரத்தெட்டு, ரெண்டாந்தவணை.
எட்டாம் ஆண்டுச் சமயத் தாள், முப்பத்தொண்டு.
ஒன்பது திருத்தினனான். பிறகு ஊரே வெளிக்கிட்டிட்டுது.
சைக்கிள் கரியரிலை கட்டிக்கொண்டு
அக்கராயன், முரசுமோட்டை, தருமபுரம்.
தருமபுரத்திலை மூண்டு நாள் மழை.
தறப்பாளுக்குள்ளை மகனுக்குக் காய்ச்சல்.
சுடுதண்ணி வைக்க விறகு பத்தேல்லை."

நிறுத்தினார்.
யாரோ கதிரையை இழுத்தார்கள்.

"உங்கட தாளைத்தான் மூட்டினனான்.
ஒவ்வொண்டையும் வாசிச்சுப்போட்டுத்தான்.
புள்ளிதான் போடேல்லை. அதுக்கு மன்னிக்கோணும்."

"எனக்கு எத்தினை ரீச்சர்?" என்றாள் தயாளினி,
இடுப்பில் மூக்கொழுகும் மகளோடு.
சிரித்தோம். நல்லவேளை, சிரித்தோம்.

ஐந்தாம் வினா:
பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சுருக்கமாக எழுதுக.
பத்துப் புள்ளி.
அந்த ஆடியில் நாங்களே மண் அள்ளிக்கொண்டிருந்தோம்,
அம்மாமாரின் சேலையில் தைத்த பைகளுக்குள்,
பதுங்குகுழி வாய்க்கு.

"ஒருத்தன் எழுதியிருந்தான்" என்றார்,
பெயரைச் சொல்லாமல்.
"அடி எல்லாருக்கும் விழுந்தது,
பிட்டு ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை எண்டு.
புத்தகத்திலை அப்பிடி இல்லை.
பிழை போடக் கை வரேல்லை.
அந்தத் தாளை ரெண்டு தரம் வாசிச்சனான்."
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு:
"அதே வசனம் இன்னொரு தாளிலையும் கிடந்தது."

மண்டபம் இன்னொரு முறை சிரித்தது.
நானும் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

சுதர்மன் என் பக்கத்து வாங்கு.
இடக்கைக்காரன். எழுதும்போது
தாள் என் பக்கம் சரிந்திருக்கும்.
மாத்தளன் வரைக்கும் அவனைக் கண்டவர்கள் உண்டு.
அழைப்பிதழில் பெயர் போடலாமா என்று
அவன் வீட்டில் யாரைக் கேட்பது?
கேட்கவில்லை. போடவில்லை.

சட்டகம் ஓட்டோவுக்குள் கொள்ளவில்லை.
ரிப்பரில் கொண்டுபோய் இறக்கினேன்,
சாக்கு விரித்து, மண் ஒட்டாமல்.
வாசலில் நின்றபடி
முதல் வரியை மட்டும் வாசித்தார் ரீச்சர்.
"கடலே எண்டு கிடக்கு. நீயே எழுதினது?"
"இல்லை ரீச்சர்."
"ம்ம்" என்றார்.
தேத்தண்ணி தந்தார். காலைப் பிட்டு மிச்சம் இருந்தது.
தின்றேன். தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் இறங்கியது.

இரவு, லைற்றைப் போட்டு,
பெர்மிற் கடதாசியின் பின்பக்கத்தில்
இதைத் தொடங்கினேன்.
முப்பத்தெட்டுக்காரனுக்கு
இத்தனை வரி எங்கிருந்து வருகிறது என்று
நீங்கள் கேட்கமுன் சொல்லிவிடுகிறேன் ரீச்சர்:
பக்கத்தில் ஒரு தாள்
இன்னும் சரிந்தபடி இருக்கிறது.
பார்த்துத்தான் எழுதுகிறேன்.