நான்காவது ஆணி

ஈஜோக் சாலையில் குலை லோரிகள் சிந்திய
செம்பனைப் பழங்களை நசுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.
வேனின் பின்னால் பட்டறைக்கல்
ஒவ்வொரு குழிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது.
வியாழக்கிழமை. மழை விட்டு அரைமணி.
ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் என்னைக் கூப்பிடுவார்கள்.
இது ஒன்பதாம் நாள்.

குணாளன் கொட்டகை வாசலில் நின்றார்,
கையில் போன், போனில் கல்யாணப் பத்திரிகை.
"சனிக்கிழமை மாப்பிள்ளை ஊர்வலம்.
ஆயிரத்து இருநூறு வெள்ளி. முன்பணம் வாங்கியாச்சு.
இவ மூணு காலில நிக்கிறா."

இவள் சீனி.
ஈப்போ பந்தயத் திடலில்
கடைசியாக வருவதற்கென்றே ஓடியவள்.
இப்போது ஜிகினாப் போர்வையும் நெற்றிச்சுட்டியுமாய்
உறுமி மேளத்துக்கு நடுவே
பயந்த மாப்பிள்ளைகளைச் சுமக்கிறாள்.
பட்டாசு பழகிவிட்டது.
டிரோன்தான் இன்னும் பிடிக்கவில்லை.

ரஃபிகுல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
தன் ஊர் மொழியில் அவள் காதில் ஏதோ சொன்னான்.
நான் அவள் வாலைப் பார்த்துக் குனிந்து
இடது முன்னங்காலை என் தொடைகளுக்கு நடுவில் வாங்கினேன்.
குளம்பு சுட்டது.
கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால்
நாடி, பூட்டிய கதவைத் தட்டுகிறவன்போல.

இல்லாத பொருளைக் குதிரைக்கொம்பு என்பார்கள்.
பதினோரு வருடமாக நான் சீவுவது அதைத்தான்.
கொம்புதான் இது, காலில் முளைத்தது,
மாதத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராதது.
வெட்டினால் வலிக்காது, அரத்தால் தேய்த்தால் வலிக்காது.
வெள்ளைக் கோட்டைத் தாண்டினால்
உயிர்.
ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே ஏறி
வெளியே வளைந்து வரவேண்டும்.
இரண்டு மில்லிமீட்டர் இடம்.
நான் சோறு தின்பது அந்த இடத்தில்.

இடுக்கியால் ஒவ்வோர் ஆணியாக அழுத்தினேன்.
ஒன்று. இரண்டு. காது மட்டும் அசைந்தது.
மூன்று.
நான்குக்கு,
காலைப் பிடுங்கிக்கொண்டு
ரஃபிகுலையும் சேர்த்து இழுத்துப் போனாள்.

"சேறுதான் பாஸ்," என்றார் குணாளன். "இந்த மழை."
நல்ல காரணம். தயாராக இருந்தது.
சேற்றுக்கு வாய் கிடையாது.
தலையாட்டியிருக்கலாம்.

மடித்த முனைகளை நிமிர்த்தி
ஆணிகளைத் தனித்தனியே உருவினேன்.
மூன்று உலர்ந்து வந்தன.
நான்காவது ஈரமாய், கறுத்து,
ஆலைக் குட்டையின் நாற்றத்தோடு.

"சேறு இல்ல. நான் அடிச்ச ஆணி. உள்ள போயிருக்கு."

அவர் கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்தார்.
ஜிகினாவிலிருந்து தண்ணீர் சொட்டியது.
"அன்னிக்கு எத்தனை குதிரை பார்த்தீங்க?"
"ஏழு. இவ ஏழாவது."
கேள்வி நியாயமானது.
பதில் வெறும் எண்.

கத்தி முனையால் ஓட்டையைத் திறந்தேன்.
சாம்பல்நிறச் சீழ் ஒரு நூலாய் இறங்கியது.
அவள் நீளமாக மூச்சு விட்டு
எடையில் பாதியை என் முதுகில் சாய்த்தாள்.
யாருடைய முதுகு என்று பார்க்கவில்லை.

டெட்டனஸ் ஊசிக்கு டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு
புக்கிட் ரோத்தான் மினி மார்க்கெட்டுக்கு ஓடினேன்:
எப்சம் உப்பு, சாம்பல் நிற டேப், பெரிய சைஸ் பேம்பர்ஸ்.
கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள்.
"பிள்ளைக்கு எத்தனை மாசம், அண்ணே?"
"பதினாலு வயசு. நானூத்தி அம்பது கிலோ."
மீதிச் சில்லறையை எண்ணாமலே கொடுத்தாள்.

வாளியில் வெந்நீர், வெந்நீரில் கால்.
ரஃபிகுல் இருபது நிமிடம் கடிகாரம் பார்த்தான்.
பேம்பர்ஸைக் குளம்பில் சுற்றி டேப் ஒட்டினோம்.
பில் போடவில்லை.
நோட்டில் மட்டும் எழுதினேன்:
சீனி. இடது முன். வெளிப்பக்கம், 4. என் கை.

சனிக்கிழமை மாலை
வேறொரு கொட்டகையில் வேறொரு காலடியில் இருந்தேன்.
குணாளன் வீடியோ அனுப்பியிருந்தார்,
ஒரு வார்த்தையும் இல்லாமல்.
உறுமி. பட்டாசுப் புகை.
மாப்பிள்ளை நடந்து வருகிறார்.
சப்பாத்து புதிது போலும்.
இடது காலை மட்டும்
பார்த்துப் பார்த்து வைக்கிறார்.