ரிமார்க்ஸ் கட்டம்

தொண்டியில், எங்கள் ஐஸ் கம்பெனியின் பின்சுவரிலிருந்து
முப்பத்தெட்டு அடி தள்ளி நிற்கிறது
வெள்ளைச் சாயம் அடித்த மரப்பெட்டி.
நாலு கால், பக்கமெல்லாம் சரிவுச் சட்டம்,
உள்ளே வறண்ட குமிழ் ஒன்று, ஈரக்குமிழ் ஒன்று.
அடி அளந்தது நான்தான்.
கணக்கு எழுதுகிறவளுக்கு அளக்காமல் பேச வராது.

பெட்டி சொல்வதை நான் நம்பவில்லை.
கச்சான் வீசும் மாதங்களில்
எங்கள் கண்டன்சர் நாள் முழுக்க மூச்சு விடுவது
அதன் முகத்தில்தான்.
அந்த வெக்கையில் பிடித்தால்
ஈரக் கைக்குட்டை அஞ்சு நிமிஷத்தில் அப்பளம்.
இது சொல்லித்தான் ஊருக்கு உலகத்துக்கெல்லாம் காய்ச்சலாம்.

முதலாளி சிரித்தார்:
"வேற சாட்சி எதுக்கு முத்துராக்கு, பில் புக்கைப் பாரு.
அப்ப வல்லத்துக்கு நாலு பார், இப்ப ஏழு."
அதையும் நம்பவில்லை.
அப்போது வல்லம் ஒரு ராத்திரி தங்கியது,
இப்போது இரண்டு.
மீன் தூரம் போய்விட்டது.
ஏன் போனது என்று பில் புக்கில் இல்லை.

ராமநாதபுரத்தில் லேப் சாமான் கடை.
இரண்டு தெர்மாமீட்டரையும் ஒரே வாளியில் முக்கி
ஒரே எண் காட்டும்வரை
ஆறேழு ஜோடி மாற்றினேன்.
"தங்கமா வாங்குறீங்க, உரசிப் பார்க்க?" என்றார் கடைக்காரர்.

ஒன்று பெட்டிக்குப் பக்கத்தில்.
ஒன்று கருவேலங்காடு தாண்டி, காலி மனையில்,
கவிழ்த்த மீன்கூடைக்குள்.
பதின்மூன்று மாதம்.
நடுவில் ஒருநாள் ஆடு கூடையைத் தள்ளியது;
அந்த நாளை விட்டுவிட்டேன்.

வாடையில் இரண்டும் ஒன்று.
கச்சானில் பெட்டி அரை டிகிரி கூட,
சில நாள் பத்தில் ஆறு.

பிடித்துவிட்டேன்!
சொல்ல வெட்கம்தான், அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பார்வையாளர் சீனி உதுமான்
காலை எட்டரை, சாயங்காலம் ஐந்தரை.
நான் சொன்னதையெல்லாம்
ஈரக்குமிழின் துணியை மாற்றிக்கொண்டே கேட்டார்.
"உப்பு பூத்துட்டா இது பொய் பேசும்மா."
பிறகு பழைய பதிவேடு ஒன்றை எடுத்து வந்தார்.
கடைசிக் கட்டம். ரிமார்க்ஸ். சிவப்பு மை.

*மேற்கே ஐஸ் கம்பெனி இன்று ஓடத் தொடங்கியது.
சூடான காற்று பெட்டி மேல் படுகிறது.
மேலிடத்துக்கு எழுதியுள்ளேன்.*

நான் வேலைக்குச் சேர நாலு வருஷம் இருந்தது.
அடுத்த வருஷம்: *மறுபடி எழுதினேன்.*
அதற்கடுத்த வருஷம்: *மறுபடி.*

என் கண்டுபிடிப்பு அவர் கையெழுத்தில்
எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு பக்கத்தில் மூன்று எண்கள்,
மூன்றின் மேலும் ஒரு கோடு.
*சம்சாரம் பிரசவம். ஊரில் இல்லை.
பார்க்காமல் போட்ட எண். ஊகம்.*

எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்த
இறால் பண்ணைக் கொழுந்தன் வில்வதுரை
அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தான்.
"பாத்தீங்களா மதினி, எல்லாம் ஊகம்."
"மூணு நாள்," என்றேன்.
அதற்குள் அது பத்துப் பேருக்குப் போய்விட்டது.

தன் பொய்யைத் தானே சிவப்பில் எழுதியவன்
மற்ற பக்கங்களில் ஏன் பொய் சொல்லப் போகிறான்?
இப்படி எனக்குத் தோன்றியது.
தோன்றியதுதான். அளந்ததில்லை.

ராத்திரி பில் தாளின் பின்பக்கம்
கம்பெனி வருவதற்கு முந்தைய வருஷங்களைத் தனியாகக் கூட்டினேன்.
பிந்தையதைத் தனியாக.
கச்சான் மாதம் ஒவ்வொன்றிலும்
எங்கள் மூச்சைக் கழித்தேன்,
தாராளமாக, அரைக்குப் பதில் ஆறாகவே.

மிச்சம் நின்றது.
பெரிதில்லை. இவ்வளவுதான் என்று
அடித்துச் சொல்லவும் மாட்டேன்.
வேறு எதைக் கழிக்கலாம் என்று
விடியும்வரை தேடினேன்.

கழித்தும் நிற்பதைப் பாக்கி என்போம் எங்கள் தொழிலில்.
யார் பேரில் எழுதுவது என்றுதான்
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.